க.நா.சு.வும் மயனும்: விமர்சகரையும் கவிஞரையும் பிரித்துப் படிக்க முடியுமா?

நல்லம்பள்ளி ஆசிரியர் எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். தர்மபுரியில் கூடவிருக்கும் நமது அடுத்த வாசகர் சந்திப்புக்குக் க.நா.சுப்ரமண்யத்தை எடுத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. ஒரு மாலைப் பொழுதுக்குள் அவரைப் பேசி முடிக்க முடியாது என்பதால், விவாதத்தை இங்கேயே தொடங்கிவிடலாம் என்று இந்த இழையைத் திறக்கிறேன்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1912 ஜனவரி 31 அன்று வலங்கைமானில் பிறந்தவர். கும்பகோணத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். அஞ்சல் துறையில் இருந்த தந்தைக்கு, மகன் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. மகனும் ஆங்கிலத்தில்தான் தொடங்கினார்; ஆனால் விரைவிலேயே தமிழுக்கு வந்து, எந்த உத்தியோகத்திலும் ஒட்டாமல், எழுத்தையே பிழைப்பாக வைத்துக்கொண்டார். 1939இல் ‘சூறாவளி’ இதழை நடத்தினார். பின்னர் ‘சந்திரோதயம்’, 1963இல் ‘இலக்கிய வட்டம்’. எதுவும் நீண்ட நாள் நிற்கவில்லை. அறுபதுகளின் நடுவில் டில்லிக்குச் சென்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆங்கில ஏடுகளுக்கு எழுதி வாழ்ந்தார். சென்னைக்குத் திரும்பிய பிறகு, ‘இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்’ என்ற விமர்சன நூலுக்காக 1986இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 1988 டிசம்பர் 18 அன்று டில்லியில் காலமானார்.

நாவலாசிரியர், மொழிபெயர்ப்பாளர், இதழாசிரியர் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. ஆனால் நாம் பேச வேண்டியது விமர்சகரையும் கவிஞரையும் பற்றி என்பது என் எண்ணம். விமர்சனத்தைக் க.நா.சு. என்ற பெயரிலும், கவிதைகளை மயன் என்ற பெயரிலும் அவர் எழுதினார். இந்த இரு பெயர்களையும் தனித்தனியாக வைத்துப் பார்ப்பதே நம்மிடையே வழக்கமாகிவிட்டது. விமர்சகரைப் பெரிய ஆளுமை என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட, கவிஞரைப் பற்றிக் கேட்டால், ‘முன்னோடிகளில் ஒருவர்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இது சரியல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். மயனின் கவிதைகளைப் படிக்காமல் க.நா.சு.வின் விமர்சனத்தைப் புரிந்துகொள்ள முடியாது. இரண்டு இடத்திலும் அவர் செய்த வேலை ஒன்றுதான்: ஓசையையும் அலங்காரத்தையும் உணர்ச்சி மிகையையும் எடுத்துவிட்டால் ஒரு படைப்பில் என்ன மிஞ்சும் என்று பார்த்தார். விமர்சகராக மற்றவர்களின் எழுத்தில் இதைத் தேடினார். கவிஞராகத் தன் எழுத்திலேயே செய்து பார்த்தார்.

உங்கள் கருத்துகளை விரிவாக எழுதுங்கள். மாறுபட்ட கருத்துகளே இந்த இழைக்கு அதிகம் தேவைப்படுகின்றன.

பாலக்கோடு வாசகி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மாறுபட்ட கருத்தை நானே முதலில் வைக்கிறேன்.

கவிதை எழுதும் பழக்கம் எனக்கும் உண்டு என்பதால் மயனைப் பலமுறை முயன்று படித்திருக்கிறேன். சிறிய வரிகள், பேச்சுக்கு மிக நெருக்கமான சொற்கள், எதுகை மோனை இல்லை, சந்தம் இல்லை. கவிதை இசையோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று அவர் கொள்கையாகவே சொன்னவர் என்பது எனக்குத் தெரியும். கொள்கை தெளிவாக இருக்கிறது. கவிதையோ எழுந்து நிற்கவில்லை. அதே காலத்தில் எழுதிய ந. பிச்சமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் யாப்பை விட்டவர்தான். ஆனால் அவருடைய வரிகளுக்குள் ஓர் ஓட்டம் இருக்கிறது; வாய்விட்டுப் படித்தால் அது நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நாலைந்து தோழிகள் கூடியபோது இருவரின் கவிதைகளையும் அடுத்தடுத்து வாசித்தோம். பிச்சமூர்த்தியை வாசித்து முடித்ததும் ஒருவர், மறுபடியும் வாசியுங்கள் என்றார். மயனை வாசித்து முடித்ததும் எல்லோரும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். கவிதை முடிந்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

விமர்சகருக்குத் தோன்றிய ஒரு கருத்தை நிரூபிக்க எழுதப்பட்ட கவிதைகள் அவை என்பது என் மதிப்பீடு. ஆசிரியர் ஐயா சொல்வதை ஏற்றுக்கொண்டாலும், விமர்சனத்துக்கு உதவும் சான்றுகளாகத்தான் அந்தக் கவிதைகள் நிற்குமே தவிர, தம்மளவில் நிற்கா.

கிருஷ்ணகிரி நூலகர் (ஓய்வு) எழுதியது:

இரண்டு பதிவுகளையும் நிதானமாகப் படித்தேன். கவிதை பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வரலாற்றில் சில செய்திகளை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

மயன் என்ற பெயரில் அவர் ‘சூறாவளி’யில் கவிதை வெளியிட்டது 1939இல். அப்போது பாரதியார் மறைந்து பதினெட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பாரதியாரின் வசன கவிதையைத் தொடர்ந்து எதுவும் செய்யலாமா என்பதே பலருக்கும் ஐயமாக இருந்த காலம். யாப்பில்லாத ஒன்றைக் கவிதை என்று அச்சிடுவதற்கே துணிவு வேண்டியிருந்தது. அதன் பிறகு நீண்ட இடைவெளி. ஐம்பதுகளின் இறுதியில்தான் மீண்டும் இந்த முயற்சிக்கு உயிர் வந்தது. 1955இல் ‘சுதேசமித்திர’னில் தமிழ் இலக்கியத்தின் நிலை பற்றிக் க.நா.சு.வும் சி.சு. செல்லப்பாவும் எழுதிய கட்டுரைகள் பெரிய சர்ச்சையை உண்டாக்கின. விமர்சனத்துக்கென்றே ஒரு களம் வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சர்ச்சையில்தான் வலுப்பெற்றது. 1959 ஜனவரியில் செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். விமர்சனத்துக்காகத் தொடங்கிய அந்த இதழ் புதுக்கவிதையின் தாய்வீடாக மாறியது. விமர்சனமும் புதுக்கவிதையும் ஒரே இடத்தில், ஒரே ஆட்களின் கையில் வளர்ந்தவை என்பதை இது காட்டுகிறது. ஆசிரியர் சொல்லும் கருத்துக்கு வரலாறு துணை நிற்கிறது.

இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். பணியில் இருந்த காலத்தில் ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற அவருடைய நூலின் பழைய பதிப்பு ஒன்று எங்கள் அலமாரியில் இருந்தது. தமிழில் வந்த நல்ல புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதை ஏன் படிக்க வேண்டும் என்று சில பக்கங்களில் சொல்லும் கட்டுரைகள். புத்தகத்தின் பின்புறம் ஒட்டிய தேதிச் சீட்டில் முத்திரைகள் மிகக் குறைவாகவே விழுந்திருந்தன. ஆனால் அதை எடுத்துச் சென்றவர்கள், திருப்பித் தரும்போது சும்மா போனதில்லை. அதில் சொல்லப்பட்ட ஏதேனும் ஒரு புத்தகத்தைக் கேட்பார்கள். பெரும்பாலும் அது எங்களிடம் இருக்காது. பென்சிலால் ஓரத்தில் கோடு போட்ட பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நீட்டிய ஓர் இளைஞரை இன்றும் நினைவிருக்கிறது. கோட்பாடு பேசும் விமர்சன நூல் எதுவும் எங்கள் நூலகத்தில் இப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை.

ஓசூர் வாசகர் எழுதியது:

நூலகர் ஐயாவின் பதிவு மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அதே இடத்தில்தான் எனக்குக் கடுமையான கேள்வியும் எழுகிறது.

க.நா.சு.வின் விமர்சன முறை என்ன? ‘இது நல்ல நாவல், இது நல்ல நாவல் அல்ல’ என்பார். ஒரு பட்டியல் போடுவார். அடுத்த ஆண்டு அந்தப் பட்டியலில் சில பெயர்கள் மாறும். ஏன் நல்ல நாவல் என்பதற்கு விரிவான காரணங்களைத் தேடினால் பல இடங்களில் கிடைக்காது. செல்லப்பா இதே காரணத்துக்காகத்தான் அவரோடு முரண்பட்டார். ஒரு கதையை எடுத்தால் அதன் அமைப்பு, சொல், உத்தி என்று வரிவரியாக அலச வேண்டும் என்பது செல்லப்பாவின் வழி. தேர்ந்த வாசகனின் ரசனையே போதிய அளவுகோல் என்பது க.நா.சு.வின் வழி. ரசனை எங்கிருந்து வருகிறது? பிறந்த குடும்பம், படித்த கல்லூரி, கைக்குக் கிடைத்த புத்தகங்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் ஒருவரின் ரசனையை உருவாக்குகின்றன. காவிரிக் கரையில் பிறந்து, ஆங்கிலத்தின் வழியாக ஐரோப்பிய இலக்கியத்தைக் கரைத்துக் குடித்த ஒருவரின் ரசனையை, மழையை நம்பிக் கேழ்வரகும் சாமையும் விதைக்கும் ஊர்களிலிருந்து வரும் நாம் ஏன் பொது அளவுகோலாக ஏற்க வேண்டும்? ஈழத்து விமர்சகர் க. கைலாசபதி அவர்மீது வைத்த கடும் விமர்சனத்தின் சாரமும் ஏறத்தாழ இதுதான். இலக்கியத்தைச் சமூகத்திலிருந்து பிரித்துத் தனி மனித ரசனைக்குள் அடைத்துவிடுகிறார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதற்கு இன்றுவரை நிறைவான பதில் வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

நல்லம்பள்ளி ஆசிரியர் எழுதியது:

ஓசூர் நண்பரின் கேள்வி இந்த இழைக்கே மையமானது. அதற்கு என்னால் இயன்ற பதிலைச் சொல்கிறேன்.

முதலில், பட்டியல். பேராசிரியர்கள் பழைய இலக்கியத்துக்கு அப்பால் வர மறுத்த காலத்தில், மறுபுறம் வார இதழ்களின் தொடர்கதைகள் லட்சக்கணக்கான வாசகர்களைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், இந்த இரண்டுக்கும் நடுவே புதுமைப்பித்தன், மௌனி, கு.ப.ராஜகோபாலன் போன்றோரின் எழுத்து யாருடைய கண்ணிலும் படாமல் கிடந்தது. அந்தச் சூழலில் க.நா.சு.வின் பட்டியல் ஒரு வழிகாட்டிப் பலகையின் வேலையைச் செய்தது. புகழின் உச்சியில் இருந்த கல்கியின் எழுத்தை இலக்கியம் என்று ஏற்க மறுத்தார். அதனால் அவருக்குக் கிடைத்தது பகைதான். அவர் முன்னிறுத்தியவர்கள் பலர் அன்று விற்காதவர்கள். இன்று அந்தப் பெயர்களை நாம் இயல்பாகச் சொல்கிறோம். அந்த இயல்பை உருவாக்கியதில் ஒரு மனிதரின் பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்து, காவிரிக் கரை ரசனை. அந்த ரசனைதான் அவரை இயக்கியது என்றால், ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலை அவர் ஏன் தூக்கிப் பிடித்தார்? கொங்கு நாட்டு வேளாண் குடும்பம் ஒன்றின் பாகப் பிரிவினைச் சச்சரவைப் பேசும் சிறிய நாவல் அது. வட்டாரப் பேச்சு, வறண்ட நிலம், கணவனை இழந்த ஒரு பெண்ணின் வைராக்கியம். நம் ஊர்களுக்கு அது எவ்வளவு நெருக்கமானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவலை அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதுவும் அவருக்குப் பழக்கமில்லாத மண்ணைச் சேர்ந்ததுதான்.

கைலாசபதியின் விமர்சனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இடதுசாரி, கலைவாதி என்று கோடு கிழித்துப் பார்ப்பதற்கு முன், இடதுசாரிச் சார்புடைய வ. விஜயபாஸ்கரன் நடத்திய ‘சரஸ்வதி’ இதழில் க.நா.சு. தொடர்ந்து எழுதினார் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். அவர் எழுத இடம் கொடுத்த ஆசிரியரின் பெருந்தன்மையும், எழுதிய க.நா.சு.வின் தயக்கமின்மையும் இன்று நமக்கு எளிதில் வாய்க்காதவை.

அரூர் மாணவன் எழுதியது:

ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் வணக்கம். நான் இளங்கலைத் தமிழ் படிக்கிறேன். இந்த இழையைப் படித்த பிறகுதான் க.நா.சு. நாவல்களும் எழுதியிருக்கிறார் என்பது தெரிந்தது. சந்திப்புக்கு முன் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் என்னால் படித்து முடிக்க முடியும். எதைப் படிக்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலக்கோடு வாசகி எழுதியது:

தம்பி, தயங்காமல் ‘பொய்த்தேவு’ படியுங்கள். 1946இல் வந்தது. அவருடைய கவிதையைப் பற்றி நான் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும், இந்த நாவலின் முன் எனக்கு வாதம் எதுவும் இல்லை.

கும்பகோணத்துக்கு அருகில் சாத்தனூர் என்ற கிராமம். மேட்டுத்தெருவில் பிறந்த சோமு என்ற ஏழைச் சிறுவன். அவனுக்குக் கோயில் மணியின் மேல் ஒரு பித்து. அந்த ஓசை எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்று ஆசையோடு அலைகிறான். பின்னர் ராயர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, நம்பிக்கையைப் பெற்று, மளிகை வியாபாரியாகி, பணக்காரச் சோமு முதலியாராக வளர்கிறான். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுப் பண்டாரமாகிறான். தலைப்பை மாணிக்கவாசகரின் திருக்கோத்தும்பியிலிருந்து எடுத்திருக்கிறார். பணம், பெண், அந்தஸ்து என்று அவ்வப்போது ஒன்றைத் தெய்வமாக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடும் மனிதனின் கதை. இதில் என்னை அசைத்தது சோமுவின் வீழ்ச்சியோ துறவோ அல்ல. அவன் வளர்ச்சியைச் சொல்லும் இடங்களில் க.நா.சு. ஓரிடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. வேறொருவர் எழுதியிருந்தால் கண்ணீரும் வசனமும் குவிந்திருக்கக்கூடிய கட்டங்களை இரண்டு மூன்று சாதாரண வாக்கியங்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இதை எழுதும்போதுதான் ஆசிரியர் ஐயா சொல்லவந்தது எனக்கு இன்னும் நன்றாக விளங்குகிறது. கவிதையில் எனக்கு வறட்சியாகப்படும் அதே சிக்கனம் நாவலில் பெரும் பலமாகிறது. கதையில் மனிதர்களும் தெருவும் கடையும் இருக்கின்றன. சொல்லில் அலங்காரம் இல்லாவிட்டாலும் தாங்கிப் பிடிக்கப் பொருள் இருக்கிறது. கவிதையில் சொல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அங்கே ஓசையையும் எடுத்துவிட்டால், மிஞ்சுகிற எண்ணம் மிகவும் வலிமையாக இருந்தாக வேண்டும். மயனிடம் எப்போதும் அந்த வலிமை அமைவதில்லை.

கிருஷ்ணகிரி நூலகர் (ஓய்வு) எழுதியது:

மாணவத் தம்பிக்கு ஒரு கூடுதல் செய்தி. க.நா.சு.வின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. ஆகவே பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. விலை குறைந்த பதிப்புகளும் கிடைக்கும். மாவட்ட நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

வாசகி அம்மா நாவலைச் சொன்னார். நான் மொழிபெயர்ப்பைச் சொல்கிறேன். நார்வே நாட்டு எழுத்தாளர் நட் ஹாம்சனின் நாவலை அவர் ‘நிலவளம்’ என்ற பெயரில் தமிழுக்குத் தந்தார். யாரும் குடியேறாத காட்டு நிலத்துக்கு ஐசக் என்ற உழைப்பாளி தனியாக வந்து, கல்லைப் பொறுக்கி, குடிசை போட்டு, மண்ணைத் திருத்தி, ஒரு குடும்பத்தையும் ஊரையும் உண்டாக்கும் கதை. பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி அதை எடுத்துச் சென்று படித்துவிட்டு, அந்த ஆள் நிலத்திலிருந்து கல் எடுக்கும் பகுதியை என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னார். கல்லைக் கடப்பாரையால் நெம்பும்போது எங்கே அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று கையால் காட்டியும் விளக்கினார். நார்வே எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. செல்மா லாகர்லெவ்வின் ‘மதகுரு’, பேர் லாகர்க்விஸ்டின் ‘அன்பு வழி’ ஆகியவையும் க.நா.சு.வின் கையால் வந்தவையே. மூவருமே நோபல் பரிசு பெற்றவர்கள். ஆனால் அவர் அதற்காக எடுத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றிலும் எளிய மனிதர்களின் ஆன்மப் போராட்டம் இருக்கிறது. ‘பொய்த்தேவு’ எழுதியவருக்கு அவை நெருக்கமாக இருந்ததில் வியப்பில்லை.

ஓசூர் நண்பர் ரசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். இப்படியும் வருகிறது என்பதே என் அனுபவம். படித்ததை மற்றவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக இரவு பகல் உழைத்த ஒருவரின் வழியாகவும் அது நம்மிடம் வந்து சேர்கிறது.

ஓசூர் வாசகர் எழுதியது:

பென்னாகரம் விவசாயியைப் பற்றி நூலகர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் வாதத்தில் ஒரு பகுதியை அது தளர்த்துகிறது என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆனால் முழுவதையும் அல்ல. ஒரு நல்ல வழிகாட்டி இருந்தார் என்பதற்கும், அவருடைய முறையே விமர்சனத்துக்குப் போதும் என்பதற்கும் வேறுபாடு உண்டு. க.நா.சு.வுக்கு இருந்த வாசிப்பு அவருக்குப் பின் வந்த எல்லோருக்கும் இருக்கவில்லை. காரணம் சொல்லாமல் தீர்ப்பு மட்டும் சொல்லும் பழக்கம் அவரிடமிருந்து பரவி, வாசிப்பில்லாதவர்களும் பட்டியல் போடும் நிலைக்கு வந்து நிற்கிறது. அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது; ஆனால் அவருடைய முறையில் அந்த ஆபத்து இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

நல்லம்பள்ளி ஆசிரியர் எழுதியது:

ஆபத்து இருந்தது என்பதை ஏற்கிறேன். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். தீர்ப்பு மட்டும் சொல்பவர் தன் படைப்பை வெளியே எடுத்து வைக்க அஞ்சுவார். க.நா.சு. அப்படி ஒதுங்கி நிற்கவில்லை. கவிதையில் ஓசை வேண்டாம் என்று எழுதிய கையோடு, ஓசையில்லாத கவிதையை எழுதி அச்சிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று நம் முன் வைத்தார். அது சில இடங்களில் தோற்றிருக்கிறது என்று வாசகி அம்மா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படித் தோற்றதும் ஒரு விமர்சனமே. அவருக்குப் பின் வந்த கவிஞர்கள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்துகொண்டது அந்தக் கவிதைகளைப் பார்த்துத்தான். சங்கக் கவிதையைப் புதுக்கவிதை எழுதுபவர்கள் ஊன்றிக் கற்க வேண்டும் என்று அவர் சொன்னதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, பீலி அணிந்து நெய் பூசிக் காவலில் கிடக்கும் படைக்கலங்களையும், குத்திக் குத்தி முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கும் வேல்களையும் அருகருகே வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பழைய தகடூராகிய தர்மபுரிப் பக்கத்துக்காரர்களான நமக்கு அந்தப் பாட்டு பள்ளியிலேயே மனப்பாடம். பொருளை முன்னால் வைத்துவிட்டுக் கவிஞர் விலகிக்கொள்ளும் அந்த முறையைத்தான் மயனும் தேடினார் என்று நான் படிக்கிறேன்.

பாலக்கோடு வாசகி எழுதியது:

ஔவை விலகிக்கொண்டாள், ஆனால் ஓசையை விட்டுவிடவில்லை, ஐயா. அந்தப் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படப் போவதில்லை.

ஆனாலும் ஒரு யோசனை சொல்கிறேன். சந்திப்பில் முதலில் கட்டுரை எதுவும் வாசிக்க வேண்டாம். மயனின் கவிதைகள் சிலவற்றையும் பிச்சமூர்த்தியின் கவிதைகள் சிலவற்றையும் எழுதியவர் பெயர் சொல்லாமல் வாசிப்போம். வந்திருப்பவர்கள் தங்கள் கருத்தைக் காரணத்தோடு சொல்லட்டும். காரணம் வேண்டும் என்று கேட்ட ஓசூர் நண்பரே அந்தப் பகுதியை நடத்தட்டும். அதன் பிறகு ‘பொய்த்தேவு’க்கு வருவோம்.

நல்லம்பள்ளி ஆசிரியர் எழுதியது:

மிக நல்ல யோசனை. கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வாசகி அம்மாவே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மயனின் கவிதைகளில் அவருக்குப் பிடிக்காதவற்றையும் சேர்த்தே எடுக்கட்டும். நூலகர் ஐயா ‘நிலவளம்’ பற்றிப் பேசுவார். அரூர்த் தம்பி நாவலைப் படித்து முடித்துவிட்டால், சோமு கோயில் மணியைத் தேடிப் போகும் பகுதியை அவரே வாசிக்கலாம். பிரதிகளை நகலெடுக்க வேண்டியிருப்பதால், கவிதைகளை முன்கூட்டியே எனக்கு அனுப்பிவிடுங்கள்.